கல்குவாரிக் குளத்தின் முதல் குடிகள்

சிங்கப்பூரின் ஈசூனில் அக்கா வீட்டை ஒட்டிய அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடத்தின் மேல்தளம். இரவெல்லாம் பெய்த டிசம்பர் மழை ஓய்ந்து வெயில் வந்திருந்தது. ஒரு கறுப்புக் காரின் கூரையை நோக்கி மஞ்சள் தட்டான் ஒன்று தாழ இறங்கியது. வால் நுனியால் தொட்டது, எழுந்தது, திரும்பவும் தொட்டது.

"சித்தி, அது என்ன பண்ணுது?" என்றாள் அக்கா மகள்.

"முட்டை போடுது."

"கார் மேலயா?"

அதற்கு அது கார் இல்லை, குளம். தண்ணீரில் பட்டுத் திரும்பும் ஒளி கிடைமட்டமாக அதிரும். பளபளப்பான கறுப்புக் கூரையில் பட்டாலும் அப்படித்தான். நம் கண்ணுக்கு அந்த வேறுபாடு தெரியாது, தட்டானுக்குத் தெரியும். அதை வைத்துத்தான் உயரத்திலிருந்து தண்ணீரைக் கண்டுபிடிக்கிறது. அந்த முட்டைகள் காய்ந்து போயிருக்கும், பாவம். ஆனால் எங்கே புதிதாகத் தண்ணீர் தேங்கினாலும் அதைத் தேடிக்கொண்டு மேலே யாரோ பறக்கிறார்கள் என்ற நினைப்பு அன்று முழுவதும் என்னை விடவில்லை.

மதுரையில் என் மொட்டை மாடியில் தாமரை வைக்கச் சிமென்ட் தொட்டி ஒன்று கட்டினேன். வெறும் குழாய்த் தண்ணீர்தான் ஊற்றினேன். மூன்றாவது வாரம் பார்த்தால் துள்ளும் புள்ளிகள், குட்டிக் குட்டி உயிர்கள்! அன்றிலிருந்து எந்த ஊருக்குப் போனாலும் குட்டை குளத்தை எட்டிப் பார்க்காமல் திரும்புவதில்லை.

"புதுக் குளம் ஏதாவது இருக்கா?" என்று கேட்டதும் அக்கா, ரைஃபிள் ரேஞ்ச் இயற்கைப் பூங்காவுக்குப் போகச் சொன்னாள். 2022 நவம்பரில் திறந்தது, 66 ஹெக்டேர். அங்கே சின் செங் என்ற பழைய கல்குவாரியை நன்னீர்ச் சதுப்பாக மாற்றியிருக்கிறார்கள். பியூட்டி வோர்ல்டு நிலையத்தில் இறங்கி நானும் அவளும் நடந்தோம். வழியில் இரண்டு குரங்குகள் எங்கள் பையையே பார்த்தன. கொடுக்கக் கூடாது, கொடுக்கவில்லை.

மேலே ஏறிப் பார்த்ததும் பேச்சு நின்றுவிட்டது. வெட்டிய கருங்கல் சுவர், அதன் காலடியில் பச்சை, பச்சைக்கு நடுவே தண்ணீர். வெடி வைத்துக் கல் எடுத்த பள்ளம் இது. பாறையில் ஏது புழு, ஏது பூச்சி? இன்று இதில் இருக்கும் ஒவ்வொன்றும் எங்கிருந்தோ வந்து சேர்ந்திருக்க வேண்டும்.

பறக்கத் தெரிந்தவை தாமாக வரும். தட்டான், நீர் வண்டு, நீரின்மேல் ஓடும் பூச்சி எல்லாம் அப்படித்தான். கொசு எல்லோருக்கும் முந்தி வரும் ரகம். டெங்கிப் பயத்தில் இந்த ஊர்க்காரர்கள் பூந்தொட்டித் தட்டைக்கூடக் கவிழ்த்து வைப்பது அதனால்தான். டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை காய்ந்த தட்டின் ஓரத்தில் மாதக்கணக்கில் ஒட்டிக் கிடந்து, தண்ணீர் பட்டதும் பொரிக்கும். ஆனால் குளம் தட்டு மாதிரி இல்லை. அங்கே கொசுப்புழுவின் பின்னாலேயே அதைத் தின்னும் தட்டான் குஞ்சும் வந்துவிடும்.

கார் மேல் பார்த்த அந்த மஞ்சள் தட்டானின் இனம் உலகம் சுற்றுவது. அக்டோபர் வாக்கில் மாலத்தீவில் லட்சக்கணக்கில் வந்து இறங்கும். அங்கே நன்னீர் நிலைகள் மிகக் குறைவு, பிறகு இவ்வளவு தட்டான் எங்கிருந்து வருகிறது என்று சார்லஸ் ஆண்டர்சன் என்ற உயிரியலாளருக்குக் கேள்வி எழுந்தது. இந்தியாவிலிருந்து கடல் கடந்து ஆப்பிரிக்காவுக்குப் போகிற வழியில் தங்கிச் செல்கின்றன என்று அவர் 2009இல் எழுதினார். வற்றப்போகும் மழைக்குட்டையிலேயே ஒன்றரை இரண்டு மாதத்தில் வளர்ந்து முடித்துவிடும் பூச்சி அது.

சரி, இறக்கையே இல்லாதவை?

பாதை ஓரத்துப் பாறைக் குழி ஒன்றில் மழைத் தண்ணீர் கிடந்தது. இரண்டு கை அகலம், அடியில் மட்கிய இலை. நாங்கள் எதையும் எடுக்கவில்லை, எடுக்கவும் கூடாது. குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பத்து மடங்கு பெருக்கும் லென்ஸைத் தண்ணீருக்கு மேல் பிடித்தேன். முதலில் ஒன்றுமில்லை. கண் பழகியதும் வெள்ளைப் புள்ளி ஒன்று வெட்டி வெட்டி நகர்ந்தது. வாலின் இரு பக்கமும் இரண்டு முட்டைப் பைகள், நெற்றியில் ஒரே ஒரு சிவப்புக் கண். சைக்ளாப்ஸ். கிரேக்கக் கதையில் வரும் ஒற்றைக்கண் அரக்கனின் பெயர். எங்கள் பாட்டி காலத்தில் ஊருணித் தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடித்தால் நரம்புச் சிலந்தி நோய்க்குத் தப்பலாம், காரணம் இந்தப் பூச்சிதான், அந்த நோயைத் தரும் புழுவைச் சுமந்தது இதுவே. இந்தியா அந்த நோயிலிருந்து விடுபட்டதாக 2000இல் சான்று கிடைத்தது. பக்கத்திலேயே கடுகில் பாதி அளவில் ஒரு மட்டி போன்றது இலைமேல் ஊர்ந்தது. அது மட்டி இல்லை, ஓடு போர்த்த இறால் வகை. அக்கா லென்ஸை வாங்கிக்கொண்டு கால் மணி நேரம் எழுந்திருக்கவே இல்லை.

இவை வறட்சிக்குத் தயாராகப் பிறந்தவை. வண்ணமீன் வளர்ப்பவர்கள் மொய்னா, டாப்னியா என்று வாங்கும் நீர்த்தெள்ளு, காலம் கெட்டதும் சேணம் போன்ற கெட்டிப் பெட்டிக்குள் முட்டையை வைத்துவிடுகிறது. அந்தப் பெட்டி காயும், காற்றில் பறக்கும், பறவையின் இறகில் ஒட்டும், பறவை தின்றாலும் எச்சத்தோடு உயிராக வெளியே வரும். போய்ச் சேர்ந்த இடத்தில் ஒரே ஒரு பெண் பொரித்தால் போதும். ஆண் இல்லாமலே மகள்களைப் பெறும், அந்த மகள்கள் ஒரு வாரத்துக்குள் தாயாகிவிடும். முந்தி வந்தவை பெருகிச் சேற்றிலும் முட்டையை நிரப்பிவிட்டால், பிந்தி வருவனவற்றுக்கு இடம் கிடைப்பது கடினம். நம் ஊர் பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பது மாதிரி.

இப்படிப் பறவையின் காலில் ஒட்டி உயிர்கள் போகுமா என்று சோதித்துப் பார்த்தவர் டார்வின். வாத்தின் காலை நத்தை முட்டைகள் பொரிக்கும் தொட்டிக்குள் தொங்கவிட்டார். குஞ்சு நத்தைகள் ஏறி, உதறினாலும் விழாமல் ஒட்டிக்கொண்டன. ஈரக் காற்றில் 12 முதல் 20 மணி நேரம் உயிரோடு இருந்தன. அதற்குள் ஒரு வாத்து 600, 700 மைல் பறந்துவிடும் என்று கணக்குப் போட்டார். குளத்தோரச் சேறு மூன்று கரண்டி எடுத்து ஆறு மாதம் மூடி வைத்தார். அதிலிருந்து 537 செடிகள் முளைத்தன.

சைபீரியாவிலிருந்து ஆஸ்திரேலியா வரை போகும் பறவைகளின் வழியில் இருக்கிறது சிங்கப்பூர். நாங்கள் நின்றது அவை வந்து தங்கும் மாதம். தண்ணீர் ஓரத்தில் கொக்கு ஒன்று ஒரு காலைத் தூக்கி வைத்து மறு காலைத் தூக்கியது. அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதைப் பார்த்த பிறகு, வீட்டில் அலுத்துப்போன மீனையும் ஆமையையும் குளத்தில் விடுகிறவர்களை நினைத்தால் மனசு ஆறவில்லை. புண்ணியம் என்று நினைத்து விடுகிறார்கள். சிங்கப்பூரில் அது சட்டப்படி குற்றம். இப்போதுதான் வந்து சேர்ந்த இந்தப் புள்ளிகளை நாலு கப்பி மீன்கள் சில நாளில் தின்று தீர்த்துவிடும். புதுக் குளத்துக்கு நாம் யாரையும் கொண்டுவர வேண்டாம்.

  

ஊருக்குக் கிளம்பும் முந்தின இரவு, குளியலறையில் உட்கார்ந்து பழைய பல் துலக்கியால் என் ஷூவின் அடிப்பள்ளங்களைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். காய்ந்த சேறு செதில் செதிலாக உதிர்ந்தது. "ஊர்ல போய்க் கழுவக் கூடாதாடி?" என்றாள் அக்கா. ஒட்டியிருக்கும் முட்டைகள் வைகைக்குப் போய்ச் சேர வேண்டாம் என்றேன். மகள் வந்து ஒரு செதிலைத் தாளில் எடுத்துக்கொண்டு விளக்கடியில் லென்ஸைப் பிடித்தாள்.

"இதுல எத்தனை பேர் இருப்பாங்க, சித்தி?"