பொது பைலும் குட்டிப் பைல்களும்

செப்டெம்பர் 16, செவ்வாய், கிளிநொச்சி

காலபோகக் கூட்டத்துக்கு முன்னம் கமக்காரர் அமைப்புகளின் வயல் பட்டியல் அச்சாக வேண்டும். தரவு எக்ஸ்எம்எல்லில் (ஒவ்வொரு விபரத்தையும் பெயரிட்ட டேக்குகளுக்குள் வைக்கும் வடிவம்) ஒழுங்காகத்தான் இருக்கிறது. விவசாயி, பெயர், ஏக்கர், வாய்க்கால் என்று டேக்குகள்கூடத் தமிழில்தான் (எக்ஸ்எம்எல் அதை அனுமதிக்கிறது). அதைப் பட்டியலாக்கும் எக்ஸ்எஸ்எல்ரி பைல்கள்தான் (எக்ஸ்எம்எல்லை வேறு வடிவத்துக்கு மாற்றும் விதிகள்) தலையிடி. முன்பு செய்தவர் அமைப்புக்கு ஒரு கொப்பி எடுத்துத் தலைப்பை மட்டும் மாற்றிக் கொடுத்துவிட்டார். இரணைமடு என்ற பெரிய குளம் ஒன்று இருக்க, வயலுக்கு வயல் தனிக்குளம் வெட்டின கதை. இப்போது பசளைக்கு ஒரு நிரல் சேர்க்க எல்லாக் கொப்பியிலும் கைவைக்க வேண்டும். போதாக்குறைக்கு ஒன்றுபோல் மற்றது இல்லை.

செப்டெம்பர் 18, வியாழன்

பொது பைல் ஒன்று. அமைப்புக்கு ஒரு குட்டிப் பைல்; அது பொது பைலை இம்போர்ட் செய்யும் (தனக்குள் அழைத்துக்கொள்ளும்).

"இன்க்ளூட் போட்டால் ஆகாதா அண்ணை?" என்று பயிற்சிக்கு வந்திருக்கும் தங்கச்சி கேட்டார். இன்க்ளூட்டும் பொது பைலை உள்ளே எடுக்கும்; ஆனால் அதில் இரண்டு பைலும் சரிசமம். ஒரே டேக்குக்கு ஒரே முன்னுரிமையில் இரண்டு டெம்ப்ளேட் (அந்த டேக்கை எப்படி எழுதுவது என்ற விதி) வந்தால் எக்ஸ்எஸ்எல்ரி 1.0 விதிப்படி அது பிழை. மென்பொருள் கடைசியாக இருப்பதை எடுக்கலாம், நின்றும் போகலாம். இம்போர்ட்டில் குட்டிப் பைல்தான் எப்போதும் வெல்லும். ஆனால் 1.0இல் இம்போர்ட் வரி மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்க வேண்டும்.

செப்டெம்பர் 21, ஞாயிறு

இம்போர்ட் மட்டும் போதாது. பழைய பைலில் ஒரே பெரிய டெம்ப்ளேட், உள்ளே ஃபார்-ஈச்சுக்குள் ஃபார்-ஈச் (ஒவ்வொன்றாக எடுத்துச் செய்யும் கட்டளை). பெயரை மட்டும் மாற்ற விரும்பினாலும் முழுவதையும் திருப்பி எழுத வேண்டும். எனவே உடைத்தேன்: வரிசைக்கு ஒன்று, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒன்று, இடையில் பொருந்தும் டெம்ப்ளேட்டைத் தேடி ஓட்டும் அப்ளை-டெம்ப்ளேட்ஸ். மாற்றக் கேட்கக்கூடிய இடமெல்லாம் தனி டெம்ப்ளேட் ஆகிவிட்டது.

அப்புறம் ஒரு வேடிக்கை. பொது பைலில் 'பெயர்' என்று ஒரு டெம்ப்ளேட், குத்தகைக்காரருக்கு நிபந்தனையோடு இன்னொன்று. இயல்பான முன்னுரிமை முதலாவதுக்கு 0, இரண்டாவதுக்கு 0.5. ஓர் அமைப்பு பெயருக்கு முன்னால் நட்சத்திரம் கேட்டது. குட்டிப் பைலில் வெறும் 'பெயர்' டெம்ப்ளேட் போட்டதும் குத்தகைக்காரருக்கு வரும் சாய்வெழுத்து காணாமற் போனது. மென்பொருள் இம்போர்ட் வரிசை பார்த்த பிறகுதான் முன்னுரிமை எண்ணையே பார்க்கும். மருந்து அப்ளை-இம்போர்ட்ஸ்: நட்சத்திரத்தைப் போட்டுவிட்டு, மீதியைப் பொது பைலிடமே விட்டுவிடு. அங்கே 0.5 தன் வேலையைச் செய்கிறது.

செப்டெம்பர் 24, புதன்

மத்தியானம் கரண்ட் இல்லை. பின்னேரம் தாள் அளவு, தலைப்பு, எழுத்தளவு மூன்றையும் பராமாக்கினேன் (ஓட்டும்போது வெளியிலிருந்து கொடுக்கும் மதிப்பு). எக்ஸ்எஸ்எல்ரி பைல்களை ஓட்டும் எக்ஸ்எஸ்எல்ரிபிராக்கில் ஸ்ட்ரிங்பராம் என்று கொடுத்தால் சரி. அதற்கு மேல் பராம் வேண்டாம் என்பது என் கட்சி. பராம் மதிப்பைப் பார்த்து 'சூஸ்' (இப்படியென்றால் இது, இல்லையென்றால் அது) போடத் தொடங்கிவிட்டால், அந்த இடத்துக்கு டெம்ப்ளேட்தான் தேவை.

பசளை நிரல் ஒரே இடத்தில் ஏறிவிட்டது. பழைய வெளியீட்டையும் புதியதையும் டிஃப் போட்டுப் பார்த்தால் அந்த நிரல் மட்டும்தான் வித்தியாசம்.

வலதுகரைப் பக்க அமைப்பு ஒன்று, விவசாயி வாரியாக வேண்டாம், வாய்க்கால் வாரியாகக் கூட்டுத்தொகையோடு தரச் சொல்கிறது. அதைக் குட்டிப் பைலுக்குள் திணிக்கப் போவதில்லை. அது வேறு அறிக்கை, வேறு பைல்.