ரேடியேட்டரைக் கழுவப் போய், காணாமல் போன வால்வைக் கண்டுபிடித்த கதை

என் லாரி சின்னது. நான்கு சிலிண்டர் டீசல் எஞ்சின், ஆறு சக்கரம். குலசேகரம், திருவட்டாறு பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வாழைக்குலையும் அன்னாசியும் ஏற்றி வடசேரி சந்தையில் இறக்குவதுதான் அதற்குப் பிழைப்பு. இந்த வருஷம் மாசி பிறந்ததிலிருந்தே ஒரு தொந்தரவு. வேர்க்கிளம்பி பக்கம் லோடோடு ஏற்றம் ஏறினால் ஹீட் முள் சிவப்பை எட்டிப் பார்க்கும். அழகியமண்டபம் ஜங்ஷன் நெரிசலில் பத்து நிமிஷம் நின்றால் தானே இறங்கிவிடும்.

எனக்குக் கிடைத்த முதல் துப்பு இதுதான். நிற்கும்போது சூடாகி, ஓடும்போது இறங்கினால் ஃபேனையும் பெல்ட்டையும் பார்க்க வேண்டும். நின்றால் சரியாகி, பாரம் இழுக்கும்போது மட்டும் ஏறினால் ரேடியேட்டருக்குள் தண்ணீர் சரியாக ஓடவில்லை என்று சந்தேகப்பட வேண்டும். மூடியைத் திறந்து உள்ளே விரலை விட்டேன். செங்கல் பொடியைக் குழைத்த மாதிரி விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது.

தப்பு என்னுடையதுதான். இரண்டு வருஷமாகத் தண்ணீர் குறையும்போதெல்லாம் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரைத்தான் ஊற்றினேன். தண்ணீர் ஆவியாகிப் போகும், அதிலிருந்த உப்பு போகாது. வெந்நீர்ப் பானையின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதுவேதான் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் படிகிறது. கூடவே இரும்பு பிளாக்கின் துருவும் சேர்ந்துகொள்ளும். "நம்ம ஊர்ல என்ன பனியா உறையுது, கூலண்ட் எதுக்கு?" என்று நானே பல பேரிடம் கேட்டிருக்கிறேன். கூலண்ட் என்பது ரேடியேட்டர் தண்ணீரில் கலக்கும் திரவம். உறையாமல் இருப்பது அதன் ஒரு குணம் மட்டும்தான். நமக்கு வேண்டியது அதில் கலந்திருக்கும் துருத்தடுப்பு மருந்து. அதோடு, பாதிக்குப் பாதி கலந்த கூலண்ட், மூடி இல்லாமலே 107 டிகிரி வரை கொதிக்காது. ரேடியேட்டர் மூடியையும் சாதாரணமாக நினைத்துவிடக் கூடாது. ஒரு பார் அழுத்தம் பிடிக்கும் மூடி இருந்தால் வெறும் தண்ணீரே 120 டிகிரி வரை தாங்கும். என் வண்டி மூடியின் ரப்பர் அப்பளம் மாதிரி நொறுங்கியிருந்தது. அதையும் மாற்றினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வேலையைத் தொடங்கினேன். முந்தின நாள் சாயங்காலமே வண்டியை நிறுத்தியாயிற்று. சூட்டோடு மூடியைத் திறந்து கையை வேகவைத்துக்கொண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். ரேடியேட்டரின் அடியில் இருக்கும் வடிகுழாய்த் திருகைத் திறந்தால் மூன்று சொட்டு விழுந்தது, அவ்வளவுதான். கம்பியை விட்டுக் குத்தினேன். நாலாவது சொட்டு விழுந்தது. சரி என்று கீழ் ஓஸின் கிளிப்பைத் தளர்த்தி ஓஸையே உருவினேன். கட்டன்சாயா நிறத்தில் முழங்கை வரை அடித்தது. பாதியாக வெட்டிய பேரலை அடியில் வைத்திருந்ததால் முற்றம் தப்பியது. அளந்து பார்த்தேன், ஒன்பது லிட்டர். வண்டிப் புத்தகத்தில் கொள்ளளவு 12 லிட்டர் என்று போட்டிருக்கிறது. மீதி மூன்று லிட்டர் எஞ்சின் பிளாக்குக்குள் நிற்கிறது என்று அர்த்தம். இந்தக் கணக்கு பின்னால் தேவைப்படும்.

பிளாக்கின் பக்கவாட்டில் ஒரு பிளக் உண்டு. அதைக் கழற்றினால் ஒன்றும் வரவில்லை. ஸ்க்ரூ டிரைவரால் உள்ளே நோண்டியதும் தொண்டையைக் கனைப்பதுபோல ஒரு சத்தம் வந்தது. அப்புறம் சேறு கட்டி கட்டியாக விழுந்தது.

அடுத்ததாக, சூட்டைப் பொறுத்துத் தண்ணீரின் வழியைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட் வால்வைச் சோதிக்கலாம் என்று, மேல் ஓஸ் வந்து சேரும் வால்வுக் கூட்டின் இரண்டு போல்ட்டையும் கழற்றினேன். உள்ளே வால்வு இல்லை. அது உட்காரும் பள்ளம் மட்டும் என்னைப் பார்த்தது.

மதிலுக்கு அந்தப் பக்கம் மெக்கானிக் அண்ணன் இருக்கிறார். அறுபது வயசுக்கு மேல், இப்போது வேலைக்குப் போவதில்லை. கூப்பிட்டேன். எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"மக்களே, போன வருஷம் வண்டிய எங்கேயோ விட்டியே, அங்க களட்டிருப்பானுவ. நம்ம ஊரு சூட்டுக்கு வால்வு வேண்டாம்னு சொல்லுக ஆளுவ நெறைய உண்டு பாத்துக்கோ."

அந்தப் பட்டறையில் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பில்லிலும் அதைப் பற்றி எதுவும் இல்லை. வால்வைக் கழற்றினால் தண்ணீர் எப்போதும் ஓடும், வண்டி குளுமையாக இருக்கும் என்பது நம்மிடையே பரவலாக இருக்கும் எண்ணம். ஆனால் என்னுடையது மாதிரி எஞ்சின்களில் அந்த வால்வுக்கு இரண்டு வேலை. சூடேறினால் ரேடியேட்டருக்குப் போகும் வழியைத் திறக்கும், அதே நேரத்தில் எஞ்சினுக்குள்ளேயே சுற்றும் குறுக்கு வழியை அடைக்கும். வால்வே இல்லையென்றால் குறுக்கு வழி எப்போதும் திறந்தே கிடக்கும். தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் சூட்டோடு சுற்றிச் சுற்றி வரும். காலையில் எஞ்சின் சூடேற நேரமாகும், டீசலும் கூடுதலாகக் குடிக்கும். ஏற்றத்தில் முள் ஏறியதற்குக் கிணற்றுத் தண்ணீர் பாதிக் காரணம், இது மீதிப் பாதி.

வால்வு இல்லாததில் ஒரே ஒரு லாபம், கழுவும்போது தண்ணீர் தடையில்லாமல் சுற்றும். அதனால் வால்வுக் கூட்டை அப்படியே மூடி, ஓஸை மாட்டி, தண்ணீர் நிரப்பி, 200 கிராம் எலுமிச்சை உப்பைக் கரைத்து ஊற்றினேன். அரைமணி நேரம் எஞ்சினை ஓடவிட்டு, ஆறவைத்து வடித்தேன். வந்த நிறத்தைப் பார்த்தால் சாயாவே தேவலை. பிறகு நல்ல தண்ணீரில் ஐந்து தடவை கழுவினேன். ரேடியேட்டரை மட்டும் தனியாக, கீழ்வாயில் குழாயைச் செருகி மேல்வாய் வழியே தண்ணீர் வெளியேறும்படி எதிர்ப்பக்கமாகத் தள்ளினேன். மாடித் தொட்டியின் வேகம் போதும். வண்டி கழுவும் பிரஷர் பம்பை வைத்தால் பழைய ரேடியேட்டரின் பற்ற வைத்த இடங்கள் விட்டுப்போகும். கடைசிக் கழுவல் மட்டும் பேட்டரி தண்ணீரில், அதாவது பேட்டரிக்கு ஊற்றும் உப்பில்லாத தண்ணீரில்.

யூடியூபில் பார்த்த வெளிநாட்டு வீடியோக்களில் எல்லாம் முதலில் கேபின் ஹீட்டரை முழுசாகத் திறக்கச் சொல்கிறார்கள். என் கேபினில் ஹீட்டர் இல்லை. மே மாதம் தக்கலையில் கேபினே ஹீட்டர்தான்.

புது வால்வை நாகர்கோவிலில் வாங்கினேன். அதன் தலையில் 82 என்று பொறித்திருந்தது, அதாவது 82 டிகிரியில் திறக்கத் தொடங்கும். மாட்டுவதற்கு முன் சோதித்துவிடலாம் என்று அதை நூலில் கட்டி, பாத்திரத்தின் அடியில் முட்டாமல் தண்ணீரில் தொங்கவிட்டு அடுப்பைப் பற்றவைத்தேன். அம்மா வந்து பார்த்தாள். "ஏல, குழம்பு வைக்கிற சட்டியிலயா வண்டி சாமானப் போட்டிருக்க?" பதில் சொல்ல நேரமில்லை. அடியில் சின்னச் சின்னக் குமிழ்கள் கிளம்பி, தண்ணீர் கொதிப்பதற்கு முன்னாலேயே பித்தளைத் தட்டு மெல்ல விலகியது. வெளியே எடுத்து ஆறவிட்டதும் மறுபடி மூடிக்கொண்டது. அந்தத் தட்டின் ஓரத்தில் ஒரு சின்ன ஓட்டை, அதில் லொடலொடவென்று ஆடும் ஒரு ஊசி. காற்று வெளியேறும் வழி அது. மாட்டும்போது அது மேல்பக்கம் இருக்க வேண்டும்.

இப்போது அந்தக் கணக்கு. உள்ளே ஏற்கெனவே மூன்று லிட்டர் பேட்டரி தண்ணீர் நிற்கிறது. கலந்த கூலண்டை ஊற்றினால் மேலும் நீர்த்துப் போகும். அதனால் கலக்காத கூலண்ட் ஆறு லிட்டரை முதலில் ஊற்றிவிட்டு, மேற்கொண்டு பேட்டரி தண்ணீரால் நிரப்பினேன். மூன்று லிட்டர் போக வேண்டும், ஒன்றரைதான் போனது. நிரம்பிவிட்டது என்று நினைத்து மூடியைப் போட்டு வண்டியைக் கிளப்பினேன்.

பத்தாவது நிமிஷம் முள் சரசரவென்று ஏறியது. மேல் ஓஸ் தொட முடியாத சூடு, கீழ் ஓஸ் பச்சைத் தண்ணீர் மாதிரிக் குளிர்ச்சி. உடனே அணைத்தேன். ஏர் லாக். போகாத அந்த ஒன்றரை லிட்டரின் இடத்தில் காற்று உட்கார்ந்திருந்தது. அண்ணன் மதிலில் சாய்ந்துகொண்டு, "மூக்கு மேல பாக்க நிறுத்து மக்களே" என்றார்.

ஆறிய பிறகு முன்சக்கரங்களை முற்றத்து ஏற்றத்தில் ஏற்றி, பின்சக்கரங்களுக்குக் கல் வைத்து, மூடியைப் போடாமலே எஞ்சினை ஓடவிட்டேன். மேல் ஓஸைப் பசு மடியைப் பிடிப்பதுபோலப் பிடித்துப் பிடித்து விட்டேன். குளுக் குளுக்கென்று காற்று வந்துகொண்டே இருந்தது, மட்டம் இறங்க இறங்க ஊற்றினேன். வால்வு திறந்த நொடி தெளிவாகத் தெரிந்தது. மட்டம் ஒரே இறக்கமாக இறங்கி, கீழ் ஓஸும் சூடானது. ஒன்றரை லிட்டரும் உள்ளே போயிற்று.

இடையில் கால் லிட்டர் போல முற்றத்தில் சிந்திவிட்டது. பக்கத்து வீட்டு நாய் மோப்பம் பிடித்து வந்தது. கூலண்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும், நாய் நக்கினால் கிட்னி போய்விடும், அளவு கூடினால் உயிரும். நாயை விரட்டி, மண்ணைப் போட்டு மூடி, அள்ளி எடுத்தேன். பேரலில் வடித்ததையும் குளத்துப் பக்கம் கொண்டுபோகவில்லை. கேனில் அடைத்து, பழைய ஆயில் எடுக்கும் பட்டறையில் கொடுத்தேன்.

வால்வு, மூடி, கிளிப், கூலண்ட் எல்லாம் சேர்த்து 3,500 ரூபாய்க்குள் முடிந்தது. மறுநாள் ரிசர்வ் டப்பாவில் இரண்டு விரற்கடை குறைந்திருந்தது. உள்ளே மிச்சமிருந்த காற்று வெளியேறியிருக்கிறது. நிரப்பி, மட்டத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டேன். புதன்கிழமை முழு லோடு செந்துளுவன் வாழைக்குலையோடு வேர்க்கிளம்பி ஏற்றம், சுங்கான்கடை ஏற்றம் இரண்டும் ஏறியாயிற்று. முள் பாதியில் நின்றது நின்றபடி. கோடும் அப்படியே. அந்தச் சட்டியில் அம்மா இன்னும் குழம்பு வைக்கவில்லை. இப்போது அது லாரியில் கிளீனர் பையன் சாயா போடக் கிடக்கிறது.