பத்தரை மணிக்கு யார் மீன் விற்பது?

நாளை விடிவதற்குள் நெதர்லாந்திலிருந்து வந்திருக்கும் நன்கொடையாளர்கள் ஆறு பேரைப் புதுச்சேரி ஓட்டலிலிருந்து கிளப்பி, கடலூர் முதுநகரைத் தாண்டி ஒரு மீனவக் கிராமத்தில் இறக்க வேண்டும். தூக்கம் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி முதுகலை) இரண்டாம் ஆண்டு. சொந்த ஊர் பண்ருட்டிப் பக்கம். அக்டோபரிலிருந்து வாரத்துக்கு இரண்டு நாள், பொங்கலுக்குப் பிறகு முழு நேரமும் என்று கடலூரில் ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்தில் பயிற்சி. மீன் விற்கும் பெண்களின் சுயஉதவிக் குழுக்களும் பிள்ளைகளுக்கான மாலை நேர டியூஷன் சென்டரும்தான் அங்கே முக்கிய வேலை. நிறுவனத்தின் பெயரையோ கிராமத்தின் பெயரையோ போடவில்லை. ஏன் என்று பாதியில் புரியும்.

சேர்ந்த இரண்டாம் வாரம் இயக்குநர் சார் கூப்பிட்டு, "உனக்குத்தான் இங்கிலீஷ் வருதே, டோனர் விசிட்டை நீயே பாத்துக்கோம்மா" என்றார். ஓட்டல், வேன், சாப்பாடு, கூட்டம், நன்றி உரை, அவ்வளவுதானே என்று நினைத்தேன். எங்கள் வீட்டில் மூன்று கல்யாணத்துக்குப் பந்தி பரிமாறியவள் நான்.

முதலில் தேதி. நவம்பர் கடைசியில் வருகிறோம் என்று எழுதினார்கள். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையேறியதும், அப்புறம் சாத்தனூர் அணையைத் திறந்து தென்பெண்ணைத் தண்ணீர் கடலூர்ப் பக்கத்து ஊர்களுக்குள் புகுந்ததும் இங்கே யாருக்கும் மறக்கவில்லை. ஐப்பசி, கார்த்திகையில் கடற்கரைக்கு விருந்தாளியை அழைப்பது நல்லதில்லை என்று பதில் போட்டேன். சரி, கிறிஸ்துமஸ் விடுமுறையில் வருகிறோம், டிசம்பர் 26 எப்படி என்றார்கள். அந்த மெயிலை இரண்டு தடவை படித்தேன். 2004 சுனாமியில் கடலூர் மாவட்டத்தில் மட்டும் அறுநூறு பேருக்கு மேல் போனார்கள். டிசம்பர் 26 அந்தக் கிராமத்துக்குத் திதி நாள். காலையில் கடலில் பாலை ஊற்றிவிட்டு வந்து அன்றைக்கு யாரோடும் அதிகம் பேச மாட்டார்கள். அவர்களுக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. நாள் பொருத்தமாக இருக்கும் என்று நினைத்தே கேட்டிருக்கவும் கூடும். நான் "அன்றைக்கு வேண்டாம்" என்று ஒரே வரியில் எழுதினேன்.

ஜனவரியில் பொங்கல். அது முடிந்த கையோடு தை ஐந்தாம் நாள் ஆற்றுத் திருவிழா. தென்பெண்ணைக் கரையில் அன்றைக்கு நிற்க இடமிருக்காது. அதன் பின்னால் வடலூர் தைப்பூசம். மாசி மகத்துக்குத் தேவனாம்பட்டினம் கடற்கரையில் சாமிகள் தீர்த்தவாரிக்கு வந்து இறங்கும். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். ஏலக்களம் பாதி காலியாகக் கிடக்கும். இப்படி அடித்து அடித்து மிச்சமானதுதான் பிப்ரவரி இரண்டாவது வாரம். மொத்தத் திட்டத்திலும் நான் பெருமைப்படுவது இந்தத் தேதியைத்தான்.

மற்றதில் எல்லாம் அடி வாங்கினேன்.

பதினைந்து நிமிடத்துக்கு ஒரு கட்டம் போட்டு எக்செலில் ஒரு புரோகிராம் தயாரித்தேன். 9.00 ஓட்டலிலிருந்து புறப்பாடு. 10.15 வரவேற்பு. 10.30 குழுப் பெண்களோடு கலந்துரையாடல். கலர் எல்லாம் போட்டு பிரிண்ட் எடுத்து, குழுத் தலைவியிடம் காட்டக் கிராமத்துக்குப் போனேன். ஊரே அவரை ஆயா என்றுதான் கூப்பிடும். அறுபது வயது இருக்கும். தாளை வாங்கி, தலைகீழாகப் பிடித்திருக்கிறாரோ என்று நான் சந்தேகப்படும் அளவுக்குத் தூரத்தில் வைத்துப் பார்த்தார்.

"பத்தரை மணிக்கா?"

"ஆமா ஆயா."

"பத்தரைக்கு இங்க குந்திக்கினு இருந்தா மீனை யாரு விக்கிறது? நீ வந்து விக்கிறியா?"

விடியற்காலையில் படகு கரைக்கு வரும்போதே ஏலம் தொடங்கிவிடும். எடுத்த மீனை ஐஸ் போட்டுக் கூடையில் அடுக்கி, நாலைந்து பேராகச் சேர்ந்து ஷேர் ஆட்டோ பிடித்து ஒருவர் மஞ்சக்குப்பம், ஒருவர் நெல்லிக்குப்பம் என்று போய்விடுவார்கள். எங்கள் ஊர் வாசலில் "மீனே" என்று குரல் கேட்பது பத்து மணிக்கு. சின்ன வயதிலிருந்து கேட்ட குரல் அது. அந்தக் குரலுக்கு உரியவரைப் பத்தரைக்கு ஒரு ஹாலில் உட்கார வைக்க முடியாது என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

பதினான்கு பேர் ஒரு நாள் வியாபாரத்தை விட்டால் என்ன ஆகும் என்று ஆயாவே விரல் மடக்கிக் கணக்குச் சொன்னார். ஏலம் எடுக்க வட்டிக்கு வாங்கிய பணம் இருக்கிறது. வாடிக்கை வீட்டுக்காரர் ஒரு நாள் காத்திருப்பார், மறுநாள் வேறு ஆளிடம் வாங்கிவிடுவார். "போன தடவையும் இப்பிடித்தான். மதியம் வரைக்கும் உக்கார வெச்சாங்க. ஒரு டம்ளர் டீயும் ஒரு மாரி பிஸ்கட்டும் குடுத்தாங்க." மாரி பிஸ்கட் என்று சொல்லும்போது அவர் முகத்தில் வந்த ஏளனத்தை எனக்கு எழுதத் தெரியவில்லை.

புரோகிராமைக் கிழித்துவிட்டு மறுபடி போட்டேன். நாலரைக்குப் புதுச்சேரியிலிருந்து கிளம்பினால் அந்த நேரத்தில் முக்கால் மணி நேரத்தில் வந்துவிடலாம். ஏலத்தை ஓரமாக நின்று பார்க்கட்டும். யாரையும் நிறுத்திக் கேள்வி கேட்கக் கூடாது. கூட்டம் மாலை மூன்றரைக்கு, எல்லாரும் வந்து குளித்துச் சாப்பிட்டுக் காலை நீட்டிய பிறகு. சார் தாளைப் பார்த்துவிட்டு, "வெள்ளைக்காரங்களை நாலரைக்கு எழுப்புறியா? ஃபண்டிங் வேணுமா வேணாமா?" என்றார். அன்று மாலை விருந்தாளிகளுக்கே மெயில் அனுப்பினேன், அவருக்கும் காப்பி வைத்து. நெதர்லாந்துக் குழுவின் தலைவி ஒரே வரியில் பதில் போட்டார். அவருடைய அப்பா பால்காரராம், நாலரை அவருக்குப் பழகிய நேரமாம். சார் அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை.

இதற்கு நடுவில் இன்னொரு தப்பு. பெண்களிடம் பேசிவிட்டேன், ஊர்ப் பஞ்சாயத்திடம் சொல்லவில்லை. மீனவக் கிராமத்தில் வெளியாள் வருவதென்றால் முதலில் ஊர்த் தலைவருக்குத் தெரிய வேண்டும். என் வகுப்பில் 'சமூகத்துக்குள் நுழைதல்' என்று ஒரு பாடமே உண்டு, அதில் நல்ல மார்க் வேறு வாங்கியிருக்கிறேன். தலைவர் திட்டவில்லை. "நீ சின்னப் பொண்ணு, உன்னைச் சொல்லிக் குத்தமில்ல, உன்னை அனுப்பினவங்களுக்குத் தெரிய வேணாமா?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் தேவலை.

தங்குவதைப் பற்றிச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். எங்கள் பயிற்சி மையத்திலேயே நாலு அறை இருக்கிறது, அங்கே தங்க வைத்தால் செலவு மிச்சம் என்றுதான் முதலில் பேச்சு. வெளிநாட்டவரைத் தங்க வைத்தால் 24 மணி நேரத்துக்குள் அதை அரசிடம் பதிய வேண்டும். ஓட்டல்காரர்களுக்கு அது தினசரி வேலை, எங்களுக்குத் தலைவலி. அதனால் புதுச்சேரி ஓட்டல். வேன்காரர் தமிழ்நாட்டுக்குள் வரப் பர்மிட் காசு தனி என்றார். எல்லையில் இருக்கும் முள்ளோடையைத் தாண்டினால் வேறு நாடு மாதிரிதான்.

பணத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். வரும் ஆறு பேரில் ஒரு அம்மா, தன் தெருவில் வசூலித்த யூரோ நோட்டுகளை உறையில் போட்டுக் கொண்டுவந்து டியூஷன் சென்டர் பிள்ளைகளிடம் தன் கையால் கொடுக்கலாமா என்று ஆசையாகக் கேட்டு எழுதியிருந்தார். எங்கள் கணக்கர் அண்ணன் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். வெளிநாட்டு நன்கொடைக்கான எஃப்.சி.ஆர்.ஏ. சட்டத்தில் 2020-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, வெளியிலிருந்து வரும் பணம் எதுவாக இருந்தாலும் முதலில் டெல்லியில் ஸ்டேட் வங்கியின் மெயின் கிளையில் இருக்கும் கணக்கில்தான் வந்து இறங்க வேண்டும். உறையில் வாங்கினால் பதிவே போய்விடும். கடலூர் முதுநகரில் நிற்கிற அம்மா, எதிரில் நிற்கிற பிள்ளைக்குக் கொடுக்கும் காசு டெல்லி போய்த் திரும்ப வேண்டும் என்பதை அவருக்கு நான் மூன்று பத்தியில் விளக்கினேன். "உங்கள் நாட்டுத் தபால் எங்களுடையதைவிட மெதுவாக இருக்கிறது" என்று பதில் வந்தது.

சாப்பாடு. ஆறு பேரில் ஒருவர் பால், நெய், மோர் எதுவும் தொட மாட்டார். சமையல் அக்கா, "மோரு கூடவா? மாடு இன்னா பாவம் பண்ணுச்சு?" என்றார். அதைச் சமாளித்துவிடலாம். இன்னொருவருக்கு முந்திரி ஆகாது. வாயில் பட்டாலே மூச்சு முட்டுமாம். நான் பண்ருட்டிக்காரி. 2011-இல் தானே புயலில் எங்கள் தோப்பில் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்து கிடந்ததைப் பார்த்து வளர்ந்தவள். கொட்டை உடைத்துக் கை கறுத்த பெரியம்மாக்களின் மடியில் உட்கார்ந்து பருப்புத் தின்றவள். இந்த மாவட்டத்தில் குருமாவில் முந்திரி, பாயசத்தில் முந்திரி, உப்புமாவில் முந்திரி, வரவேற்புக்குத் தட்டில் வைப்பதும் முந்திரி. போதாததற்கு நினைவுப் பரிசாக ஆளுக்கு அரை கிலோ பாக்கெட் ஏற்கெனவே வாங்கி வைத்துவிட்டார்கள். அதையெல்லாம் அலுவலகத்தில் பூட்டிவிட்டேன். முந்திரி அரைத்த பழைய மிக்ஸி ஜாரை நம்பாமல் புது ஜார் வாங்கினோம். நாளைக்குச் சோறு, சங்கரா மீன் குழம்பு, சாம்பார், கத்திரிக்காய்ப் பொரியல். குருமா கிடையாது. அக்கா இன்னும் கோபமாகத்தான் இருக்கிறார்.

கழிப்பறை யாருடைய பட்டியலிலும் இல்லை, என் பட்டியலிலும்தான். காலை ஐந்தேகாலிலிருந்து மாலை வரை ஆறு பேர் எங்கே போவார்கள்? ஆயாவின் மகள் வீட்டில் ஒப்புக்கொண்டார்கள். நான் போய்ப் பார்த்தேன், குழாயில் தண்ணீர் வரவில்லை. நாலு பக்கெட் நிரப்பி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

நேரம் மிச்சமிருந்தால் தேவனாம்பட்டினத்தில் செயின்ட் டேவிட் கோட்டையைப் பார்க்கலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். கோட்டையில் பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை. 1690-இல் ஆங்கிலேயர் அதை மராட்டியரிடம் வாங்கியபோது, பீரங்கியை வெடித்துக் குண்டு போய் விழுந்த தூரம் வரை தங்கள் எல்லை என்று வைத்துக்கொண்டார்கள். குண்டு உப்பலவாடி என்று ஒரு ஊர் இன்னும் இருக்கிறது. வேனில் போகும்போது இந்தக் கதையைச் சொல்லலாம் என்று குறித்து வைத்திருக்கிறேன்.

ஆரத்தி, சந்தன மாலை, பிள்ளைகள் டான்ஸ் என்று சார் ஒரு பட்டியல் வைத்திருந்தார். ஆரத்தி அவருக்கு, டான்ஸ் எனக்கு என்று பிரித்துக்கொண்டோம். அதாவது டான்ஸ் இல்லை. இரண்டு வாரமாக டியூஷன் நேரத்தில் கணக்குப் போடாமல் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்கள். நிறுத்தியதும் பிள்ளைகள் என்னோடு நாலு நாள் பேசவில்லை.

போட்டோ விஷயம் தனி. ஆயாவிடம் ஒருநாள், வருகிறவர்கள் போட்டோ எடுத்தால் பரவாயில்லையா என்று கேட்டேன். சுனாமிக்குப் பிறகு அந்தக் கரைக்கு எத்தனையோ குழுக்கள் வந்து போயிருக்கின்றன. எல்லாரும் எடுத்தார்களாம். "ஒன்னுல எங்க வூட்டுக்காரரும் இருந்தாரு, வலை பின்னிக்கினு. அவரு போயி ஆறு வருசம் ஆவுது. ஒரு காப்பி குடுத்திருந்தா சட்டம் போட்டு வெச்சிருப்பேன். வூட்டுல இருக்கிறது ரேஷன் கார்டு போட்டோதான், அதுல அவரு மொகமே அவரு மொகம் மாதிரி இல்ல."

அலுவலக பீரோவில் பழைய ஆண்டறிக்கைகளைக் குடைந்தேன். வேறு ஏதோ ஒரு வெளிநாட்டு அமைப்பு அச்சிட்ட வழவழ அட்டையில் ஆயா இருக்கிறார். பதினைந்து, இருபது வயது குறைந்த ஆயா, சிரித்துக்கொண்டு. பக்கத்தில், அட்டை முடியும் இடத்தில், முழங்கைக்குக் கீழே ஒரு ஆணின் கையும் நைலான் நூலும் இருக்கின்றன. மீதியை வெட்டிவிட்டார்கள். அந்த அமைப்புக்கு மெயில் போட்டேன், திரும்பி வந்துவிட்டது. அறிக்கையை ஆயாவிடம் காட்டவில்லை. காட்டலாமா கூடாதா என்று தெரியவில்லை. என் பையில்தான் இருக்கிறது.

நாளைக்கு டியூஷன் சென்டரில் கேமரா கூடாது. மற்ற இடத்தில் கேட்டுவிட்டு எடுக்கலாம். எடுத்ததை அன்று மாலையே எனக்கு அனுப்ப வேண்டும், மஞ்சக்குப்பத்தில் ஒரு ஸ்டூடியோவில் பிரிண்ட் போட்டு வீட்டுக்கு வீடு நான் கொடுப்பேன். பட்ஜெட்டில் இதற்கு ஆயிரத்து இருநூறு ரூபாய் எழுதியிருந்தேன். சார் அந்த வரியில் பேனாவை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார். அப்புறம் டிக் போட்டார். ஃபிளெக்ஸ் பேனருக்கு ஒதுக்கியதில் கழித்துக்கொள்ளச் சொன்னார்.

நேற்று குழுப் பெண்களோடு உட்கார்ந்து, அவர்கள் விருந்தாளிகளிடம் என்ன கேட்கப் போகிறார்கள் என்று எழுதிக்கொண்டேன். அங்கே மீன் கிலோ என்ன விலை. அங்கேயும் பெண்கள்தான் விற்கிறார்களா. ஐஸ் எங்கே வாங்குகிறார்கள். வட்டி எவ்வளவு. கடைசியாக ஆயா, "அவங்க வூட்டுக்கு ஒரு நா நான் வந்து குந்திக்கினு, நீ மாசம் எவ்ளோ சம்பாரிக்கிற, உன் புருசன் குடிப்பானான்னு கேட்டா சொல்லுவாங்களா? அதக் கேளு" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அதையும் நான்தான் மொழிபெயர்க்க வேண்டும்.

மணி பதினொன்றே முக்கால். மூன்றே காலுக்கு அலாரம். ஓட்டலில் ஏழரைக்கு முன்னால் காலைச் சாப்பாடு கிடையாது என்பதால் பார்சலுக்கு இருபத்து நாலு இட்லி சொல்லியிருக்கிறேன், சட்னி பொட்டுக்கடலைதான் என்று இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டேன். வேன் டிரைவர் எட்டு மணியிலிருந்து போனை எடுக்கவில்லை. இன்னொரு தடவை அடித்துப் பார்க்கிறேன்.