தீ வளையத்துக்கு மூன்று கார்டு போதும்

ஆபத்தான காதலைப் பற்றிப் பாட்டு கட்ட உட்காருகிறவர்கள் முதலில் தேடுவது மைனர் கார்டை, அதாவது சோகம் தொனிக்கும் சுரக் கூட்டை. கன்ட்ரி இசையில் இந்த விஷயத்துக்கு இலக்கணமாக நிற்கும் ‘ரிங் ஆஃப் ஃபயர்’ (தீ வளையம்) பாட்டில் அமெரிக்கப் பாடகர் ஜானி கேஷ் வைத்துக்கொண்டது ஜி, சி, டி. மூன்றும் மேஜர், மகிழ்ச்சி தொனிக்கும் கார்டுகள். போதாததற்குக் கல்யாண வீட்டு வாசலில் ஊதுவதுபோல இரண்டு ட்ரம்பெட். சிரித்துக்கொண்டே எரிகிற பாட்டு இது. மைனருக்கு மாற்றிப் பாடிப் பாருங்கள், புலம்பல்தான் மிஞ்சும்.

எழுதியவர்களாகப் பதிவானது ஜூன் கார்டர், மெர்ல் கில்கோர். ஜூனுக்குக் கேஷ் மேல் ஈர்ப்பு. இருவருக்கும் தனித்தனிக் குடும்பம் இருந்த நேரம். (எழுதியது கேஷ்தான் என்று அவருடைய முதல் மனைவி விவியன் பின்னாளில் சொன்னார். அந்தப் பஞ்சாயத்து இன்னும் தீரவில்லை.) முதலில் பாடிப் பதிவு செய்தவர் ஜூனின் தங்கை அனிதா. அது பெரிதாக எடுபடவில்லை. 1963 மார்ச் 25 அன்று நாஷ்வில்லில் கேஷ் பதிவு செய்தார். ட்ரம்பெட்டோடு இந்தப் பாட்டைக் கனவில் கேட்டதாக அவர் சொல்வார். கன்ட்ரி தரவரிசைப் பட்டியலில் 7 வாரம் முதலிடம்.

வரிகளைக் கவனியுங்கள். அவள் யார், எங்கே பார்த்தார்கள், கண் எப்படி இருந்தது, எதுவும் கிடையாது. தீ, அதன் வளையம், அவ்வளவுதான். புதிதாக எழுதுகிறவர்கள் ஒரே பாட்டில் தீ, புயல், விஷம், பாம்பு எல்லாவற்றையும் இறக்கிவிடுவார்கள். கேட்பவர் எதற்குப் பயப்படுவார்? ஒன்றை எடுத்தால் அதிலேயே நில்லுங்கள். இன்னொன்று, வினைச்சொல். “விழுந்தேன்” என்கிறார், “தள்ளினாள்” என்று சொல்லவில்லை. பழியை எதிராளி மேல் போட்ட உடனே அது காதல் பாட்டாக இல்லாமல் புகார் மனுவாகிவிடும். ‘ரிங்’ என்பதில் வளையத்தோடு மோதிரமும் கேட்கிறது, அவர்கள் நிலைமைக்கு அது சும்மா வந்த சொல்லாகத் தெரியவில்லை.

சரணம் ஜியில் உட்கார்ந்தபடி சியை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பும். பல்லவியோ நேராக டியில் எடுக்கும். டி, சி, ஜி. படி இறங்குகிற மாதிரி. விழுவதைப் பற்றி வார்த்தை பேசும்போது கார்டும் கூடவே இறங்குகிறது. பல்லவியை ஜியில் ஆரம்பித்தால் எல்லாம் சரியாகத்தான் கேட்கும், விழுகிற உணர்வு மட்டும் இருக்காது.

மேடையில் பலர் தடுக்கி விழும் இடம் தாளம். சரணத்தில் வரி முடிந்து ட்ரம்பெட் பதில் சொல்லும் இடங்களில் நாலு நாலாக எண்ணினால் கணக்கு உதைக்கும். டிரம்ஸ்காரர் நாலில் பிடிவாதமாக நின்றால் பாடுகிறவர் அடுத்த வரியை முந்தியோ பிந்தியோ எடுப்பார். எண்ணிக்கையை விட்டுவிட்டு, ட்ரம்பெட் வரியை எல்லோரும் வாயால் பாடிப் பழகுவதே வழி.

கிட்டாரில் கேஷின் ‘பூம்-சிக்கா’ நடை (அடிச்சுரமும் தேய்ப்பும் மாறி மாறி): ஜிக்கு ஆறாம் கம்பி மூன்றாம் ஃப்ரெட் (கழுத்தில் விரல் அழுத்தும் கட்டம்), ஒரு தேய்ப்பு, பிறகு திறந்த நாலாம் கம்பி, மறுபடி தேய்ப்பு. சிக்கு ஐந்தாம் கம்பி மூன்றாம் ஃப்ரெட்டும் ஆறாம் கம்பி மூன்றாம் ஃப்ரெட்டும் மாறி மாறி. டிக்கு நாலும் ஐந்தும், இரண்டும் திறந்து. வலது உள்ளங்கையின் ஓரம், கிட்டார் உடலில் கம்பிகள் முடியும் பிரிட்ஜை ஒட்டிப் படிய வேண்டும். கொஞ்சம் முன்னால் நகர்ந்தாலே சுருதி செத்துச் சத்தம் மட்டும் கேட்கும். டிரம்ஸ் இல்லாத காலத்தில் கேஷ் கம்பிகளுக்கு இடையே காகிதம் செருகி ஸ்னேர் டிரம் போன்ற சத்தம் வரவைத்தார். ஆள் குறைவான குழுவுக்கு இன்றும் உதவும் வித்தை. நீளவாக்கில் மடித்த துண்டை ஒரு கம்பிக்கு மேல், அடுத்ததற்குக் கீழ் என்று பின்ன வேண்டும். தடித்த அட்டை வைத்தால் கார்டே கேட்காது.

இரண்டு ட்ரம்பெட்டும் மூன்றாம் சுர இடைவெளியில், மெக்சிக்கோவின் மரியாச்சி பாணியில், ஒட்டியே நகர வேண்டும். ஒன்று மட்டும் ஊதினால் போலீஸ் பேண்டு வாசனை வந்துவிடும். பி ஃப்ளாட் ட்ரம்பெட் (தாளில் எழுதியதைவிட ஒரு முழுச் சுரம் தாழ்ந்து ஒலிப்பது) வைத்திருப்பவருக்கு நம்முடைய ஜி, அவர் தாளில் ஏ மேஜர், மூன்று ஷார்ப். அவர் முகம் சுளித்தால் பாட்டை எஃப்புக்கு இறக்குங்கள். அவருக்கு ஜி ஆகிவிடும். கிட்டார்காரர் எஃப் பிடிக்கத் தேவையில்லை, மூன்றாம் ஃப்ரெட்டில் கேப்போ (எல்லாக் கம்பியையும் சேர்த்து அழுத்தும் கவ்வி) போட்டு டி வடிவம் வாசிக்கலாம். ஆனால் மேலே சொன்ன கம்பி எண்கள் அப்போது மாறும். எஃப்பில் பாடகரின் அடித்தொண்டை எட்டுமா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

இசைத்தட்டில் பல்லவியின் கடைசித் துண்டு திரும்பத் திரும்ப வந்து சத்தம் தேய்ந்து மறைகிறது. மேடையில் அப்படித் தேய்க்க முடியாது. மூன்று முறை பாடிவிட்டு ட்ரம்பெட் வரியை ஒரு தடவை முழுசாக ஊதி, ஜியில் எல்லோரும் சேர்ந்து வெட்டிவிடுங்கள்.