1500 நியூட்டன் என்று விற்றார்கள், அரிசி மூட்டை உண்மையைச் சொன்னது

வீட்டு முற்றத்துக்கு மேலே ஒரு மூடி. இரும்புச் சட்டத்தில் பாலிகார்பனேட் ஷீட், ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர், 15 கிலோ. மழை வந்தால் தானாக மூட வேண்டும். சட்டம், கீல் எல்லாம் வெல்டர் மளமளவென்று முடித்துக் கொடுத்துவிட்டார். தலைவலி ஆக்சுவேட்டரில், அதாவது தண்டை நீட்டியும் இழுத்தும் மூடியை நகர்த்தும் மோட்டார் கருவியில், ஆரம்பித்தது.

15 கிலோதானே, 150 நியூட்டன் (ஒரு கிலோவைத் தூக்க ஏறக்குறைய 10 நியூட்டன் விசை) போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மூடியின் எடை கீலிலிருந்து 50 செ.மீ. தள்ளி நடுவில் இருக்கிறது. ஆக்சுவேட்டரை மாட்ட எனக்குக் கிடைத்த இடமோ 25 செ.மீ. தூரத்தில். அதிலும் மூடி படுத்திருக்கும்போது தண்டு 20 டிகிரி சாய்வில்தான் தள்ளும். கணக்குப் போட்டால் 860 நியூட்டன் வருகிறது! காற்றுக்கும் இடம் விட்டு 1500 நியூட்டன், 200 மி.மீ. ஸ்ட்ரோக் (தண்டு நீளும் தூரம்), 12 வோல்ட் என்று ஆன்லைனில் ஆர்டர் போட்டேன்.

வந்தது அழகாகத்தான் இருந்தது. ஆனால் 200 மி.மீ.யை ஏழே நொடியில் ஓடி முடித்தது. இவ்வளவு பலமுள்ளது இவ்வளவு வேகமாக ஓடக் கூடாதே! லேபிளில் 12 வோல்ட், 3 ஆம்பியர் என்று போட்டிருந்தது, நியூட்டன் எவ்வளவு என்றே இல்லை. விற்றவருக்கு போன் போட்டால், "மோட்டார் 1500தான் சார், கம்பெனி ஐட்டம்" என்கிறார்.

சரி, தூக்கிப் பார்த்துவிடுவோம் என்று மாடிப்படி கம்பியில் செங்குத்தாகக் கட்டி 25 கிலோ அரிசி மூட்டையைத் தொங்கவிட்டேன். முனகிக்கொண்டே தூக்கியது. இன்னொரு மூட்டையைச் சேர்த்தேன், அப்படியே நின்றுவிட்டது. 500 நியூட்டன்கூடத் தேறவில்லை.

வீடியோவோடு ஒரு கணக்கையும் எழுதி அனுப்பினேன். 1500 நியூட்டனை நொடிக்கு 30 மி.மீ. வேகத்தில் தள்ள 45 வாட் வேண்டும். 12 வோல்ட், 3 ஆம்பியர் என்றால் உள்ளே போவதே 36 வாட். மீதி எங்கிருந்து வருகிறது? பதிலே இல்லை, மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். கூரியர் செலவு மட்டும் என் தலையில். நீங்கள் வாங்கும் முன்பே நியூட்டனையும் வேகத்தையும் பெருக்கிப் பாருங்கள், பாதிப் பொய் அங்கேயே உடையும். புதிதாக வந்தது நொடிக்கு 7 மி.மீ. ஆமை வேகம். மூடியை மூட அரை நிமிடம் ஆகும், ஆகட்டுமே.

அடுத்து, மோட்டாரை முன்னும் பின்னும் ஓட்டும் கன்ட்ரோலர். சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கும் ரிச்சி தெருவில் ஒரு கடைக்காரர் எல்298என் என்ற மோட்டார் டிரைவர் போர்டைக் கையில் திணித்தார். "எல்லாரும் இதுதான் சார் வாங்குறாங்க." அது ஒரு சேனலுக்கு 2 ஆம்பியர்தான் தாங்கும், போதாததற்கு 2 வோல்ட் அளவுக்குத் தானே தின்றுவிடும். நம் ஊரில் மழைக்கு முன்பே கரண்ட் போய்விடும் என்பதால் நான் 7 ஏஎச் (ஆம்பியர்-மணி) பேட்டரியில் ஓட்டுகிறேன். அதில் 2 வோல்ட் போனால் என்ன மிஞ்சும்? பிடிஎஸ்7960 என்ற இன்னொரு டிரைவர் போர்டு நல்லதுதான், ஆனால் வேகத்தைக் கூட்டிக் குறைக்கத் தேவையில்லாத எனக்கு இரண்டு 10 ஆம்பியர் ரிலே (மின்சாரத்தால் மாறும் சுவிட்ச்) போதுமானதாக இருந்தது. மோட்டாரின் ஒவ்வொரு வயரும் ஒரு ரிலேயின் காமன் என்ற பொது முனைக்கு, என்ஓ (ரிலே ஆன் ஆனால் காமனோடு சேரும் முனை) பேட்டரி பிளஸ்ஸுக்கு, என்சி (ஆஃபில் காமனோடு சேர்ந்திருக்கும் முனை) மைனஸுக்கு. புரோகிராம் குழம்பி இரண்டும் ஒன்றாக ஆன் ஆனாலும் ஷார்ட் ஆகாது. பிளஸ் வயரில் ஒரு ஃபியூஸ் மறக்காமல் போடுங்கள்.

ஆக்சுவேட்டருக்குள்ளேயே இருக்கும் லிமிட் சுவிட்ச், தண்டு கடைசி முனைக்குப் போனால்தான் மோட்டாரை நிறுத்தும். நடுவில் குச்சி ஏதாவது சிக்கினால் அதற்குத் தெரியாது, அதனால் 40 நொடிக்கு மேல் ஓடினால் ரிலேயை அணைக்கும்படி புரோகிராமில் வைத்திருக்கிறேன். இன்னொன்று, மழை சென்சார் தகட்டுக்கு எந்நேரமும் கரண்ட் கொடுத்து வைத்தால் செம்புக் கோடுகள் அரித்துப்போகும். நிமிடத்துக்கு ஒருமுறை, ஒரு நொடி கொடுத்துப் பார்த்தால் போதும்.