கட்டிலா, கோலா?

யாக்கோபு சாகும் தறுவாயில் எதன்மேல் சாய்ந்து தொழுதார்? ஆதியாகமம் 47:31-இல் "கட்டிலின் தலைமாட்டிலே" என்று இருக்கும். எபிரெயர் 11:21-இல் "தன் கோலின் முனையிலே" என்று இருக்கும். அதே யாக்கோபு, அதே மரணப் படுக்கை. ஓய்வுநாள் பள்ளியில் வளர்ந்த பலருக்கும் இந்தச் சந்தேகம் ஒரு தடவையாவது வந்திருக்கும். கட்டிலில் உட்கார்ந்து கோலைப் பிடித்திருப்பார் என்று சமாதானம் சொல்லி எங்கள் வாயை அடைத்துவிடுவார்கள்.

விடை எழுத்துக்கு அடியில் இருக்கிறது. எபிரேயத்தில் இரண்டு சொல்லுக்கும் எழுத்து ஒன்றே: மேம், தேத், ஹே. உயிரோசையைச் சொல்வது எழுத்தோடு வரும் புள்ளியும் கோடும்தான். மேமின் அடியில் ஒற்றைப் புள்ளியும் தேத்தின் அடியில் காமெட்ஸ் என்ற குறியும் வந்தால் அது 'மித்தா', கட்டில். மேமின் அடியில் சிறு கோடும் தேத்தின் அடியில் மூன்று புள்ளியும் வந்தால் 'மத்தே', கோல். கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் மோசேயின் ஆகமங்களைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள் கையில் இருந்த சுருளில் புள்ளியே கிடையாது. அவர்கள் 'மத்தே' என்று படித்தார்கள். எபிரெயர் நிருபம் அந்தக் கிரேக்கத்தைத்தான் எடுத்தாளுகிறது. ஆயிரம் ஆண்டுக்கும் பிறகு புள்ளி வைத்த யூத அறிஞர்கள் 'மித்தா' என்று படித்தார்கள். நம் ஆதியாகமம் அவர்கள் வழியில் வந்தது.

இதை எனக்குச் சொன்னவன் என் அண்ணன் மகன். இறையியல் கல்லூரியில் எபிரேயம் படித்துவிட்டு இப்போது போதகராக இருக்கிறான். "அத்தை, அவ்வளவுதான் விஷயம், நான் சொல்றத நம்புங்க" என்றான். "நீ சொன்னா போதாதுலே, அந்தப் புள்ளிய நானே படிச்சுப் பார்க்கணும்" என்றேன். பாளையங்கோட்டையில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தே என் உத்தியோக காலம் முழுவதும் போயிருக்கிறது. புதிதாக ஓர் எழுத்தைப் படிக்க வேண்டுமென்றால் எனக்கு ஆசைதான் வரும். ஞாயிறு ஆராதனை முடிந்து அவன் வீடு திரும்பியதும் போனில் பாடம் நடக்கிறது. இன்று இஸ்ரேலில் பேசுகிற உச்சரிப்பையே சொல்லித் தருகிறான்.

மொத்தம் 22 எழுத்து. எல்லாமே மெய். வலமிருந்து இடமாக எழுத வேண்டும், அதனால் என் நோட்டின் கடைசிப் பக்கம்தான் முதல் பக்கம். காஃப், மேம், நூன், பே, த்ஸாதே ஆகிய ஐந்தும் சொல்லின் கடைசியில் வரும்போது உருவம் மாறும். அதில் மேம் மட்டும் மூடிய பெட்டிபோல் வரியிலேயே நிற்கும், மற்ற நான்கும் வரிக்குக் கீழே காலை நீட்டும். இதற்கெல்லாம் அதிக நாள் தேவையில்லை. நாள் தேவைப்படுவது ஒன்றுபோல் இருக்கிற சோடிகளுக்குத்தான். பேத்தும் காஃபும், ஹேயும் ஹேத்தும், கடைசி மேமும் சாமெக்கும். எல்லாவற்றிலும் கடினம் தாலெத்தும் ரேஷும். இரண்டுக்கும் மேலே ஒரு கோடு, வலப்பக்கம் கீழிறங்கும் ஒரு கால். தாலெத்தின் மூலையில் கோடு கொஞ்சம் வெளியே நீண்டிருக்கும், ரேஷின் மூலை வளைந்திருக்கும். வேறு வித்தியாசமே இல்லை.

பழைய காலத்து எழுத்தர்களுக்கும் இந்தச் சோடி சிக்கல்தான். ஆதியாகமம் 10:4-இல் 'தோதானீம்' என்று எழுதப்பட்ட இனத்தின் பெயர், எபிரேயத்தில் 1 நாளாகமம் 1:7-இல் 'ரோதானீம்' என்று இருக்கிறது. உபாகமம் 6:4-இல், யூதர்கள் காலையும் மாலையும் சொல்லுகிற "இஸ்ரவேலே, கேள்" என்ற வசனத்தில், கடைசிச் சொல்லான 'எகாத்'தின் தாலெத்தைப் பெரிதாக எழுதுவது வழக்கம். எகாத் என்றால் ஒருவர். அந்தத் தாலெத்தை ரேஷ் என்று படித்துவிட்டால் 'வேறொருவர்' என்று ஆகிவிடும். அதைத் தடுக்கத்தான் பெரிய எழுத்து என்று ஒரு விளக்கம் உண்டு. "ஒரு எழுத்தின் உறுப்பாகிலும் ஒழிந்துபோகாது" என்று மலைப்பிரசங்கத்தில் வருகிறதே, அந்த உறுப்பு எதுவென்று தாலெத்தின் மூலையைப் பார்த்தபோதுதான் என் கண்ணுக்குப் பிடிபட்டது.

இனி உயிர். தமிழ்க் கண்ணுக்கு இங்கே ஒரு பழக்கம் குறுக்கே நிற்கும். நமக்குக் குறி இல்லாத எழுத்தில் அகரம் உண்டு, புள்ளி வைத்தால்தான் அது மெய். எபிரேயத்தில் குறி இல்லாவிட்டால் அது வெறும் மெய்தான். 'தாவார்', அதாவது வார்த்தை, என்ற சொல்லில் கடைசி ரேஷுக்கு அடியில் ஒன்றும் இருக்காது. நம் கண் அதைத் 'தாவார' என்று இழுக்கப் பார்க்கும். வேதாகமத்தின் முதல் இரண்டு சொல்லும் இதற்கு நல்ல பயிற்சி. 'பெரேஷீத்', 'பாரா'. ஆதியிலே, சிருஷ்டித்தார். இரண்டுமே பேத், ரேஷ், ஆலெப் என்ற அதே மூன்று எழுத்தில்தான் தொடங்குகின்றன. முதல் சொல்லில் அந்த மூன்றும் 'பெரே', இரண்டாம் சொல்லில் 'பாரா'. புள்ளியை மூடிவிட்டுப் பார்த்தால் முதல் மூன்று எழுத்திலும் வித்தியாசமே தெரியாது.

குறிகள் பெரும்பாலும் எழுத்துக்கு அடியில் வரும். ஒரு புள்ளி இகரம். படுத்த கோடு அகரம், பெயர் பதாக். அந்தக் கோட்டின் நடுவில் ஒரு சின்ன வால் தொங்கினால் காமெட்ஸ், அதுவும் ஆ. பக்கத்தில் பக்கமாக இரண்டு புள்ளி த்ஸேரே, முக்கோணமாக மூன்று புள்ளி செகோல், இரண்டுமே எ. நம் ஆய்தத்தைத் தலைகீழாக நிறுத்தினால் செகோல் கிடைத்துவிடும். ஓகாரப் புள்ளி மட்டும் எழுத்தின் இடது தோளில் ஏறி நிற்கும். பழைய காலத்தில் இந்தக் குறிகளுக்குள் ஓசை வேறுபாடு இருந்தது. இன்று இஸ்ரேலில் அ, எ, இ, ஒ, உ என்று ஐந்து ஓசைதான், குறில் நெடில் பார்ப்பதில்லை. குறிலையும் நெடிலையும் அடித்து அடித்துச் சொல்லிக்கொடுத்த எனக்கு அது கொஞ்சம் வருத்தம்தான்.

எழுத்தின் வயிற்றுக்குள் வைக்கிற புள்ளி ஒன்று உண்டு, அதன் பெயர் தாகெஷ். அதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல ஆசைப்படுகிறேன், ஏனென்றால் அது தமிழருக்கு மிக எளிது. பேத், கிமெல், தாலெத், காஃப், பே, தாவ் ஆகிய ஆறு எழுத்துக்கும் வலிந்த ஓசை ஒன்று, தளர்ந்த ஓசை ஒன்று. சொல்லின் தொடக்கத்தில் வலிந்து வரும். உயிருக்குப் பின்னால் தளரும். இரட்டித்தால் மறுபடி வலிக்கும். வலிக்கும் இடத்தில் புள்ளி இருக்கும், தளரும் இடத்தில் இருக்காது. அண்ணன் மகன் இதைச் சொல்லி, இங்கேதான் கல்லூரியில் பலரும் திணறுவார்கள் என்றான். நான் அவனிடம் 'கடல்', 'பகல்', 'பக்கம்' என்று மூன்று சொல்லைச் சொல்லச் சொன்னேன். முதலில் வருகிற ககரம் வலிக்கிறது, நடுவில் தனியாக நிற்பது தளர்கிறது, இரட்டித்தால் மறுபடி வலிக்கிறது. தாய்ப்பாலோடு வந்த விதி இது. எந்தக் குழந்தைக்கும் நான் இதைச் சொல்லிக்கொடுத்ததில்லை, யாரும் தப்பாகச் சொன்னதும் இல்லை. தளர்ந்தபின் வருகிற ஓசை வேறு என்பது உண்மை, பேத் தளர்ந்தால் உதட்டுப் பல் வகரம் ஆகிவிடும். ஆனால் எங்கே வலிக்கும், எங்கே தளரும் என்கிற கணக்கு நம்முடைய கணக்கேதான்.

சங்கீதம் 119-இலேயே இதைப் பார்க்கலாம். இரண்டாம் வசனத்தில் 'லேவ்', இருதயம். பத்தாம் வசனத்தில் 'லிப்பீ', என் இருதயம். இரண்டிலும் அதே பேத். முதலாவதில் உயிருக்குப் பின் தனியாக நிற்பதால் தளர்ந்திருக்கிறது, இரண்டாவதில் இரட்டித்து வலித்திருக்கிறது. இன்றைய இஸ்ரேலில் பேத், காஃப், பே என்ற மூன்றில்தான் இந்த வித்தியாசம் காதில் விழும். ஏமன் நாட்டு யூதர்களின் மரபு ஆறு எழுத்திலும் அதைக் காப்பாற்றி வைத்திருக்கிறது.

இன்னொன்றும் நமக்குச் சுலபம். சொல்லின் கடைசியில் ஹேத் வந்து அதன் அடியில் பதாக் இருந்தால், குறியை முதலில் படித்துவிட்டு எழுத்தைப் பிறகு படிக்க வேண்டும். நோவாவின் பெயர் அப்படித்தான், 'நோஹா' இல்லை, 'நோஅஹ்'. எழுதிய வரிசை ஒன்று, ஒலிக்கும் வரிசை வேறு. நாம் 'கெ' எழுதும்போது கொம்பை முன்னால் போட்டுவிட்டு ஓசையைப் பின்னால்தானே சொல்கிறோம்? ஒன்றாம் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் கொம்பை எழுத்துக்குப் பின்னால் போடும். காதில் கேட்ட வரிசையில் எழுதுகிற பிள்ளை அப்படித்தான் போடும், அதைக் கோபித்துப் பயனில்லை.

ஷெவா என்கிற, மேலும் கீழுமாக நிற்கும் இரட்டைப் புள்ளிக்குத்தான் பொறுமை வேண்டும். சில இடத்தில் அது நம் மெய்ப்புள்ளி மாதிரி ஓசையை நிறுத்தும், சில இடத்தில் மிகச் சிறிய எகரமாக ஒலிக்கும். காமெட்ஸும் சில சொல்லில் ஒகரமாகிவிடும். ஞானத்துக்கு 'ஹொக்மா' என்று சொல். அதில் இரண்டு காமெட்ஸ், முதலாவது ஒ, இரண்டாவது ஆ. அசையை வைத்து விதி சொல்கிறார்கள். அந்தச் சொற்களைக் காதால் கேட்டுப் பழகிவிடுவதே மேல் என்பது என் எண்ணம்.

இந்தக் குறிகளை வைத்தவர்களை நினைத்தால் எனக்கு மரியாதை பெருகுகிறது. கலிலேயாக் கடலோரத்துத் திபேரியா ஊரில், ஏழாம் நூற்றாண்டு முதல் பத்தாம் நூற்றாண்டு வரை தலைமுறை தலைமுறையாக இந்த வேலை நடந்தது. மசோரேத்துகள் என்று பெயர். வாய்வழியாக வந்த வாசிப்பு அழிந்துவிடக் கூடாது என்று ஒவ்வோர் ஓசைக்கும் குறி கண்டார்கள். ஆனால் இருந்த மெய்யெழுத்தில் கை வைக்கவில்லை, அதன் அடியிலும் மேலும் வயிற்றிலும் இருந்த வெற்றிடத்தை மட்டுமே எடுத்துக்கொண்டார்கள். எழுதியிருப்பது ஒன்று, படிக்க வேண்டியது வேறு என்று மரபு சொன்ன இடங்களில்கூட, எழுத்தை அப்படியே விட்டுவிட்டு ஓரத்தில் குறிப்பு எழுதினார்கள். அந்த வேலையில் பெயர்பெற்றது பென் ஆஷேர் குடும்பம். அவர்கள் மரபில் 1008-ஆம் ஆண்டு எழுதி முடித்த முழுப் பிரதி ஒன்று ரஷ்யாவில் சென்ட் பீட்டர்ஸ்பர்கில் இருக்கிறது. அண்ணன் மகன் கல்லூரியில் வாங்கிய எபிரேய வேதாகமம் அதைப் பார்த்து அச்சிட்டதுதான். ஜெப ஆலயத்தில் வாசிக்கிற தோராச் சுருளிலோ, அதாவது மோசேயின் ஆகமங்களை எழுதிய சுருளிலோ, இன்றும் ஒரு புள்ளிகூட இருக்காது. வாசிக்கிறவர் புள்ளி வைத்த புத்தகத்தில் தயார் செய்துகொண்டு வந்து, சுருளில் வாசிப்பார்.

தமிழ் ஏட்டுச் சுவடியும் இப்படி இருந்ததுதானே. "மெய்யின் இயற்கை புள்ளியொடு நிலையல்" என்று தொல்காப்பியம் விதித்தும், ஓலையில் எழுதினவர்கள் பெரும்பாலும் புள்ளி வைக்கவில்லை. காலும் ரகரமும் ஒன்றுபோல் இருக்கும். எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் பிரித்தறிய முடியாது, அந்த வேறுபாட்டைக் கொம்பில் காட்டியவர் வீரமாமுனிவர் என்பது நாம் பள்ளியில் படித்ததே. உ.வே.சாமிநாதையர் அப்படிப்பட்ட ஏடுகளிலிருந்துதான் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். பாட்டின் ஓசையும் பொருளும் தெரிந்தவருக்கே ஏடு பேசும். எபிரேயச் சுருளும் அதையே கேட்கிறது.

அதனால் படிக்க நினைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். எபிரேய வசனத்தைத் தமிழ் எழுத்திலோ ஆங்கில எழுத்திலோ பெயர்த்து அச்சிட்ட புத்தகத்தை வைத்துத் தொடங்காதீர்கள். அதில் ஹேத்தும் ஹேயும் ஒன்றாகிவிடும், தேத்தும் தாவும் ஒன்றாகிவிடும், கண் ஒருபோதும் புள்ளிக்குப் பழகாது. இந்தப் பதிவில் நான் தமிழில் எழுதியிருக்கிற சொற்களும் அடையாளத்துக்கு மட்டும்தான். புள்ளி இல்லாமல் படிக்கவும் அவசரப்பட வேண்டாம். இஸ்ரேலில் செய்தித்தாளும் கடைப் பலகையும் புள்ளி இல்லாமல்தான் இருக்கும், ஆனால் அங்கேயும் பிள்ளைகளுக்கான புத்தகம் புள்ளியோடுதான் வரும்.

என் பாடப் புத்தகம் சங்கீதம் 119. எழுத்து ஒன்றுக்கு எட்டு வசனமாக, 22 எழுத்துக்கு 176 வசனம். ஒரு பகுதியில் எட்டு வசனமும் ஒரே எழுத்தில் தொடங்கும். "வாலிபன் தன் வழியை எதினால் சுத்தம்பண்ணுவான்?" என்று நாம் மனப்பாடம் செய்த ஒன்பதாம் வசனத்திலிருந்து பேத்தின் பகுதி. 'பம்மே', 'பெகொல்', 'பெலிப்பீ', 'பாரூக்', 'பிஸ்ஃபாத்தாய்' என்று வரிசையாக அந்தப் பேத் வேறு வேறு உயிரேறி வருகிறது. ஒன்றாம் வகுப்பில் கரும்பலகையில் ப, பா, பி எழுதுகிற வரிசைதான் இது, இங்கே ஜெபமாக இருக்கிறது. ஒவ்வொரு பகுதியையும் முதலில் எழுதிப் பார்க்கிறேன், பிறகு சத்தமாகப் படிக்கிறேன், கடைசியில் தமிழ் வேதாகமத்தைத் திறக்கிறேன்.

அடுத்து வேதாகமத்தின் புலம்பல் புத்தகம். அதிலும் முதல் நான்கு அதிகாரமும் அகரவரிசைதான். ஆனால் இரண்டு, மூன்று, நான்காம் அதிகாரங்களில் பே எழுத்து அயினுக்கு முன்னால் வந்துவிடுகிறது, முதல் அதிகாரத்தில் வழக்கமான வரிசை. ஏன் என்று அண்ணன் மகனிடம் கேட்டிருக்கிறேன். பழைய காலத்தில் அந்த இரண்டு எழுத்துக்கும் இரண்டு வரிசை வழக்கத்தில் இருந்தது, பானைத் துண்டில் பிள்ளைகள் எழுதிப் பழகின மாதிரி பழைய அகரவரிசைகளிலும் பே முன்னால் வருவதுண்டு என்று சொன்னான். அந்தப் பானைத் துண்டின் படத்தை அனுப்புகிறேன் என்றிருக்கிறான். அதில் இருப்பது இப்போது நான் படிக்கிற சதுர எழுத்துக்கும் முந்தைய பழைய எழுத்து. அதற்கும் ஒரு பட்டியல் போட்டுக் கேட்டிருக்கிறேன்.