போஸ்ட்ஃபிக்ஸ் போச்சுங்குது, ஒருத்தருக்கும் வரல

எங்க காலேஜ் பேட்ச் மெயிலிங் லிஸ்ட்ட பத்து வருஷத்துக்கும் மேல நான்தான் பாத்துக்கறேன். லிஸ்ட்ட ஓட்டற சாஃப்ட்வேர் மெயில்மேன் 2.1, சோர்ஸ்ல இருந்து நானே கம்பைல் பண்ணி /யூஎஸ்ஆர்/லோக்கல்/மெயில்மேன்-ல போட்டது. அது ஓடற பைத்தான் 2-க்கு 2020-லயே மூடுவிழா நடந்தாச்சு, மெயில்மேன் 3-க்கு மாத்தணும்தான், ஆனா அதுக்கு டேட்டாபேஸ், வெப் பேஜுக்கு போஸ்டோரியஸ், பழைய மெயில் பாக்க ஹைப்பர்கிட்டினு தனித்தனியா கட்டணும், சோம்பேறித்தனம்.

போன வாரம் ஒரு ஃப்ரெண்டு போன். "டேய், நாலு மெயில் போட்டேன், ஒண்ணும் வரல, என்னைத் தூக்கிட்டியா?" போன மாசம் லிஸ்ட்ல எங்களுக்குள்ள ஒரு சின்ன சண்டை, அதான் அவனுக்கு அந்த சந்தேகம். வெப் பேஜ் திறந்து பாத்தா மெம்பர் லிஸ்ட்ல ஜம்முனு இருக்கான், மாடரேஷன்லயும் ஒண்ணும் நிக்கல. சர்வர்ல மெயில் வாங்கி அனுப்பற போஸ்ட்ஃபிக்ஸோட பதிவு ஃபைல்ல அவன் மெயில் நாலுக்கும் "ஸ்டேட்டஸ்=சென்ட்", டெலிவர்ட் டு கமாண்ட்னு தெளிவா இருக்கு. இங்கதான் நான் ஒரு மணி நேரம் வீணாக்கினேன். சென்ட்னு பாத்ததும் மெயில் வெளிய போயிடுச்சு, ஜிமெயில்தான் ஸ்பாம்ல தள்ளுதுனு நெனச்சு அனுப்பினவர் நிஜமானு சரிபாக்கற எஸ்பிஎஃப், டீகிம்னு நோண்டிட்டு இருந்தேன். அந்த சென்ட்டுக்கு அர்த்தம், மெயில்மேனோட ஸ்க்ரிப்ட் கையில குடுத்தாச்சு, அவ்ளோதான். அந்த ஸ்க்ரிப்ட்டும் க்யூஃபைல்ஸ்/இன் ஃபோல்டர்ல ஒரு பிசிகே ஃபைலா போட்டுட்டு நல்லபடியா வெளிய வந்துடும். அதை எடுத்து வேலை பாக்க வேண்டியது மெயில்மேனோட க்யூரன்னர்ங்கற ப்ராசஸ், அது செத்துக் கிடந்தாலும் போஸ்ட்ஃபிக்ஸுக்குத் தெரியாது. வெப் பேஜுக்கும் க்யூரன்னர் தேவையில்ல, அதனால அதுவும் எதுவுமே நடக்காத மாதிரி திறக்குது.

ஒருவழியா இன் ஃபோல்டர்ல எல்எஸ் போட்டா 31 ஃபைல் வரிசையா உக்காந்திருக்கு. ஓடற ப்ராசஸ காட்டற பிஎஸ்-ல மெயில்மேன் ப்ராசஸ் ஒண்ணு கூட இல்ல. சரினு மெயில்மேன்சிடிஎல் ஸ்டார்ட் குடுத்தா, பழைய மாஸ்டர் க்யூரன்னர் லாக் (ஒண்ணு ஓடும்போது இன்னொண்ணு ஓடாம இருக்கப் போடற பூட்டு) கிடக்குது, அதை மீறற மைனஸ் எஸ் ஆப்ஷன் போட்டு ஓட்டிப் பாருனு சொல்லுது. அப்பதான் ஞாபகம் வந்துச்சு, வாடகை சர்வர் ஆளுங்க முந்தின நாள் மெஷின ஹார்ட் ரீபூட் பண்ணாங்க, பூட்டு ஃபைல் அப்படியே நின்னுடுச்சு, பூட் ஆகும்போது ஸ்டார்ட் ஆக மாட்டேன்னு அடம் பிடிச்சிருக்கு. நான் எழுதின ஸ்டார்ட்டப் ஸ்க்ரிப்ட்ல மைனஸ் எஸ் இல்ல, தப்பு என்னுதுதான். (மைனஸ் எஸ் போடறதுக்கு முன்னாடி நிஜமாவே எதுவும் ஓடலையானு பிஎஸ்-ல பாத்துக்கோங்க, ஒரே க்யூவ ரெண்டு மாஸ்டர் மேஞ்சா அது வேற தலைவலி.)

ஸ்டார்ட் ஆனதும் இன் காலி, அவுட்டும் கடகடனு காலி. ஒண்ணே ஒண்ணு மட்டும், கோளாறான மெயில ஒதுக்கி வைக்கற ஷன்ட் ஃபோல்டர்ல விழுந்துச்சு, எர்ரர் பதிவுல யூனிகோட்டீகோட்எர்ரர், தமிழ் சப்ஜெக்ட்ட எந்த என்கோடிங்னு தப்பா சொல்லி வந்த மெயில். உடனே அன்ஷன்ட் கமாண்ட் அடிக்கப் போய் நல்லவேளை நிறுத்தினேன். அது ஷன்ட்ல இருக்கற எல்லாத்தையும் மறுபடி க்யூவுல தள்ளும், அங்க ரெண்டு வருஷத்துக் குப்பை, 2 கல்யாண அழைப்பு உட்பட. ஒரு வாரம் தாண்டின ஷன்ட்ட தானா அழிக்கற கிரான் (நேரம் வெச்சு ஓடற வேலை) ஒண்ணு உண்டு, அதை நான் போடவே இல்ல. ஷோ க்யூஃபைல்ஸ் கமாண்ட்ல ஒவ்வொண்ணா பாத்து பழசெல்லாம் அழிச்சேன்.

ஆனா இன் ஃபோல்டரை மட்டும் ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி அப்படிப் பாக்கல. ஃப்ரெண்டோட மெயில் நாலும் வரிசையா எல்லாருக்கும் போயிடுச்சு. முதல் மூணு ஒரே விஷயம்தான், கெட் டுகெதர் தேதி. நாலாவதுல முழுக்க முழுக்க என்னைப் பத்தித்தான், என் ஜனநாயகத்தைப் பத்தி.